மலைக்கோட்டையில் அகேலா!

திண்டுக்கல் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது? பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை. நாலாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: குருளைகள்!

ஏதோ மிருகம் என்று பயந்துவிடாதீர்கள். சாரணர் இயக்கத்தில் பத்து வயதுக்கு உட்பட்ட பொடியன்களுக்குத் தமிழில் குருளையர் என்று பெயர். பெண் பிள்ளைகள் என்றால் நீலப் பறவையர். நாய், பன்றி, புலி, முயல் ஆகியவற்றின் குட்டிகளைக் குருளை என்று சொல்லலாம் என்கிறது தொல்காப்பியம். சனிக்கிழமை சாயங்காலம் இருபத்து நாலு பேர் ஒரே மைதானத்தில் ஓடுவதைப் பார்த்தால், இந்த நாலுமே அங்கே இருப்பதாகச் சத்தியம் செய்வீர்கள்.

அதில் ஒரு குருளை, என் அக்கா மகன். 2024 ஜூனில் சேர்ந்தான். ஒன்பது வயது. கூட்டிக்கொண்டு போய் வருகிற உத்தியோகம் எனக்கு. "எழுதறவனுக்கு சனிக்கிழமை என்ன, ஞாயித்துக்கிழமை என்னடா?" என்பது அக்காவின் கட்சி. பி.காம். படித்துவிட்டு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து ஒரு வருஷம் பார்த்த வரவு செலவுதான் இது.

அவனுக்குப் பேச்சு கொஞ்சம் திக்கும். வகுப்பில் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தாலும் எழுந்திருக்க மாட்டான். எழுந்து பதில் சொன்னால், பக்கத்து பெஞ்சு அதையே திருப்பிச் சொல்லிக் காட்டும். "நாலு பிள்ளைகளோட பழகட்டும்" என்றுதான் அக்கா சேர்த்துவிட்டாள்.

ஆறு ஆறு பேராக நாலு குழு. குழுத் தலைவனுக்கு 'சிக்ஸர்' என்று பெயர். "நா... நான் சிக்ஸர் இல்ல மாமா" என்று முதல் நாள் முகம் வாடி வந்தவனை, "அடுத்த பால்ல அடிச்சுரலாம் தம்பி" என்று தேற்றியவர் ஆட்டோக்காரர்.

பொறுப்பாளர் டீச்சருக்கு இயக்கத்தில் 'லேடி கப் மாஸ்டர்' என்று பதவி. பிள்ளைகளுக்கு அவர் 'அகேலா'. ருட்யார்ட் கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கதையில் வரும் ஓநாய்த் தலைவனின் பெயர் அது. பேடன் பவல் 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்ஸீ தீவில் இருபது சொச்சம் பையன்களோடு முகாம் போட்டுச் சாரண இயக்கத்தை ஆரம்பித்தார். அண்ணன் போனால் தம்பி சும்மா இருப்பானா? அந்தத் தம்பிகளுக்காக 1916-ல் குருளையர் படை வந்தது. மத்தியப் பிரதேசத்து சியோனி காட்டில் நடக்கிற கதை, லண்டன் போய்க் கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு திண்டுக்கல்லுக்குத் திரும்பி வந்திருக்கிறது!

ஜூலையில் உறுதிமொழி ஏற்பு. ஒவ்வொருவராக முன்னால் வந்து சத்தமாகச் சொல்ல வேண்டும். இவன் முறை வந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. முதல் வார்த்தையிலேயே நின்றுவிட்டான். டீச்சர் எடுத்துக் கொடுக்கவில்லை, அவசரப்படுத்தவுமில்லை. "மெதுவா சொல்லுப்பா. நாங்க எங்கேயும் போகல" என்றார். முழுசாகச் சொல்லி முடித்தான்.

சாரணர்கள் கை குலுக்குவது இடது கையால். அன்று ராத்திரி தாத்தாவிடம் பெருமையாக இடது கையை நீட்டினான். "பீச்சாங்கையை நீட்டுறியா? இதுக்கா சந்தா கட்டுறோம்?" என்று குதித்தார் அவர். இடது பக்கம்தானே இதயம் இருக்கிறது என்று விளக்கிய பிறகும் பெரியவர் வலது கையைத்தான் கொடுத்தார்.

தினம் ஒரு நற்செயல் செய்ய வேண்டும் என்பது அடுத்த விதி. என் செருப்புக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுப் பாலிஷ் செய்தான். தெருக்குழாயில் தண்ணீர் வீணாகிறதென்று மூடினான். கீழே பக்கத்து வீட்டம்மாவின் குடம் பாதி நிறைந்திருந்ததை அவன் கவனிக்கவில்லை! ஆத்தூர் காமராஜர் அணையில் தண்ணீர் குறைந்தால் திண்டுக்கல் குடங்களுக்கு என்ன கதி என்பது ஊருக்கே தெரியும். அந்தம்மா போட்ட சத்தம் நாகல் நகர் வரை கேட்டிருக்கும்.

செப்டம்பரில் பூட்டுப் பட்டறைக்குப் போனார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அரத்தைப் பிடிக்கிற கைகள்தான் குறைந்துகொண்டே வருகின்றன. மாங்காய்ப் பூட்டைத் திறந்து காட்டிய பெரியவர், "இதெல்லாம் அவசரப்பட்டாத் திறக்காதுய்யா" என்றார். என் மருமகன் ரொம்ப நேரம் அந்தப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 7 இயக்க தினம். பாரத சாரண சாரணியர் இயக்கம் 1950-ல் உருவான நாள். அதற்கு முந்தைய கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னார் டீச்சர். இந்தியாவில் 1909-ல் சாரணம் தொடங்கியபோது வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்குத்தான் இடம். நம் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அதனால் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் அருண்டேலும் தனியாகவே ஒரு சாரண அமைப்பைத் தொடங்கினார்கள். 1921-ல் பேடன் பவல் இந்தியா வந்த பிறகுதான் அது பொது இயக்கத்தோடு இணைந்தது. "வெளியில நிக்கவச்சா எப்படி இருக்கும்?" என்று டீச்சர் கேட்டார். என் மருமகன் கை தூக்கினான். "எ... எனக்குத் தெரியும் மிஸ்" என்றான். மேலே அவர் ஒன்றும் கேட்கவில்லை.

2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது. சுமார் இருபதாயிரம் சாரண சாரணியர் கூடினார்கள். அது பெரிய பிள்ளைகளுக்கானது. "ரயில் ஏறினா ரெண்டு மணி நேரம் கூட ஆகாதே மாமா!" என்று இவன் அழுது பார்த்தான். அந்த வாரம் அகேலா இவனை சிக்ஸர் ஆக்கினார். அழுகை நின்றது. ஆட்டோக்காரர் அன்றைக்குக் காசு வாங்கவில்லை.

பிப்ரவரி 22, பேடன் பவல் பிறந்த நாள். சனிக்கிழமையாகவும் அமைந்துவிட்டதால் மலைக்கோட்டை ஏறினோம். சுமார் 900 அடி உயரம். குருளைகள் ஓடின. பி.காம். படித்த மூட்டுகள் படிக்கொரு தரம் ஐந்தொகை போட்டுப் பார்த்தன. உச்சியில் ஒரு பக்கம் சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலை, கீழே தீப்பெட்டிகளை அடுக்கினாற்போல ஊர்.

கோட்டையின் கதையை ஒவ்வொரு சிக்ஸரும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஹைதர் அலி 1755-ல் இங்கே ஃபௌஜ்தாராக வந்தது ஒருவனுக்கு. வேலு நாச்சியார் விருப்பாச்சியில் அடைக்கலம் புகுந்தது ஒருவனுக்கு. என் மருமகனுக்கு விழுந்தது 1605-ல் கோட்டை கட்டியவரின் பெயர்: முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர்!

எனக்கே இரண்டு தரம் சொன்னால் நாக்கு சுளுக்கிக்கொள்கிற பெயர். 'மு... மு...' என்று அரை நிமிஷம் போராடினான். காற்று மட்டும் அடித்தது. இருபத்து மூன்று வாண்டுகளில் ஒன்றுகூடச் சிரிக்கவில்லை, ஒன்றுகூட எடுத்துக் கொடுக்கவில்லை. பெயர் முழுசாக வெளியே வந்தது. அகேலா, "அடுத்து?" என்றார், சாதாரணமாக.

மார்ச்சில் அக்கா கொடி பிடித்தாள். "போதும்டா. அடுத்த வருஷம் சனிக்கிழமை டியூஷன்." நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பேசினான். வழக்கம்போலத் திக்கித் திக்கித்தான். ஆனால் பாதியில் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை டியூஷன், சனிக்கிழமை சாரணர் என்று ராஜி ஆயிற்று.

ஆக, வருஷக் கணக்கு இதுதான். திக்கு அப்படியே இருக்கிறது. அதைப் பற்றிய பயம் மட்டும் தள்ளுபடி. செலவு: ஒரு ஸ்கார்ஃப், கொஞ்சம் ஆட்டோக் காசு, என் ஒரு ஜோடி செருப்பு. டீச்சர் கொடுத்த சனிக்கிழமைகளை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்குப் படித்துக் கொடுத்த எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இல்லை.

ஏப்ரலில் பத்து வயது நிறைந்து பெரிய படைக்குப் போனான். குருளைகள் ஒரு பக்கம், சாரணர்கள் ஒரு பக்கம், நடுவில் தரையில் ஒரு கோடு. தாண்டியதும் சாரணர் தலைவர் இடது கையை நீட்டினார். இவனும் நீட்டினான்.

கூட்டத்தில் இருந்த தாத்தா, தன் இடது கையை ஒரு முறை பார்த்துக்கொண்டார்.