வாசல் வரை

சென்ற ஆண்டு நம் பங்குமக்கள் இருபது பேரோடு சிங்கப்பூருக்குச் சுற்றுலா சென்றிருந்தோம். திருச்சியில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரப் பயணம். பேருந்தில் சென்னை செல்லும் நேரம்கூட ஆவதில்லை. நகரைச் சுற்றிக்காட்டும் வண்டி ஒன்பதரை மணிக்கு வருவதாக ஏற்பாடு. அதற்கு முன்னர், 1847இல் கட்டி முடிக்கப்பெற்ற நல்லாயன் பேராலயத்தில் காலைத் திருப்பலி முடித்தோம். மற்றவர்கள் தேநீர் தேடிச் செல்ல, பொன்மலைப் பணிமனையில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் மட்டும் நம்மோடு நின்றுவிட்டார். "பக்கத்துல ஏதோ பழைய ஓட்டல் இருக்காமே சாமி, பாத்துட்டு வந்துடுவோமா?" என்றார். நடந்தோம்.

ராஃபிள்ஸ் விடுதி அது. ஆர்மீனியரான சார்க்கீஸ் சகோதரர்கள் 1887ஆம் ஆண்டில், கடலோர பங்களா ஒன்றில் பத்து அறைகளோடு தொடங்கியது. இன்றுள்ள வெண்ணிற நடுமாளிகை 1899இல் எழுந்தது. முன்னால் செல்லும் சாலைக்கு இன்றும் கடற்கரைச் சாலை என்றே பெயர், கடலைத்தான் காணோம். மண்ணிட்டு நிரப்பி அதை எங்கோ தள்ளிவிட்டார்கள். 1902இல் இங்கே பில்லியர்ட்ஸ் கூடத்தின் அடியில் பதுங்கிய புலி ஒன்றைச் சுட்டுக் கொன்ற கதை புகழ்பெற்றது. அது காட்டிலிருந்து வந்த புலியன்று. சர்க்கஸ் கொட்டகையிலிருந்து தப்பிவந்த பரிதாபத்துக்குரிய புலி. சாலையில் குப்பை போட்டால் அபராதம் விதிக்கும் இந்நகரில், இவ்விடுதியின் மதுக்கூடத்தில் மட்டும் வேர்க்கடலைத் தோலைத் தரையிலேயே போடலாம் என்பது வேடிக்கையான மரபு. பணக்காரருக்குக் குப்பை போடவும் ஓரிடம் வேண்டியிருக்கிறது போலும்!

விசிறி வாழைகளைக் கடந்து வாசலை அடைந்தோம். தலைப்பாகை அணிந்த வாயிற்காவலர் இன்முகத்தோடு வரவேற்றார். மூன்று தளம் உயர்ந்து நிற்கும் கூடத்தை அண்ணாந்து பார்த்தபடி சில அடிகள் வைத்திருப்போம். பணியிலிருந்த தமிழ்ப் பெண் ஒருவர் அருகில் வந்து, "வாங்க ஐயா. இதுக்கு மேல தங்கியிருக்கிறவங்களுக்கு மட்டும்தான். முற்றத்தையும் கடைகளையும் எல்லாரும் பாக்கலாம்" என்று பணிவாகச் சொன்னார். இதில் குறைகாண ஏதுமில்லை. வாடகை கொடுத்தவருக்கு அமைதி தருவது விடுதியின் கடமை.

முற்றத்துத் தூணருகே அமர்ந்தோம். தூணருகே அமர்ந்ததும் திருவரங்கம் நினைவுக்கு வந்துவிட்டது. நம் தந்தையார் பள்ளி ஆசிரியர். இளமைப் பருவம் முழுவதும் அத்தீவிலேதான் கழிந்தது. பல நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரமாய் நின்றது, நம் கண்ணெதிரே நிலை நிலையாய் உயர்ந்து, 1987 மார்ச்சில் 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்ட இராஜகோபுரமாயிற்று. பெருமாள் கோயிலின் ஏழு திருச்சுற்றுகளில் கடைத்தெருவும் வீடுகளும் உண்டு. ஓரிடம் வரை எவரும் போகலாம். அதற்கு மேல் இந்துக்களுக்கு மட்டும் என்ற பலகை. வகுப்புத் தோழன் பாட்டியோடு உள்ளே செல்ல, நாம் தூணருகே அவர்கள் செருப்புகளுக்குக் காவல் இருப்போம். திரும்பி வரும்போது தவறாமல் புளியோதரை கொண்டுவருவான். நமக்கு எந்த வருத்தமும் இருந்ததில்லை.

ஆயினும் குருமடத்தில் பயின்றபோது அப்பலகையை மறையுரைக்கு எடுத்துக்காட்டாக்கினோம். எருசலேம் ஆலயத்திலும் பிற இனத்தார் தாண்டக்கூடாத தடுப்பு இருந்தது. மீறி நுழைபவன் தன் சாவுக்குத் தானே பொறுப்பு என்று கிரேக்கத்தில் எச்சரிக்கும் கல் 1871இல் கண்டெடுக்கப்பட்டு, இன்று இஸ்தான்புல் அருங்காட்சியகத்தில் உள்ளது. எபேசியருக்கு எழுதப்பட்ட திருமுகம் பேசும் தடைச்சுவருக்கு அந்தக் கல்லையும் திருவரங்கத்துப் பலகையையும் சான்றாகக் காட்டிப் பேசினோம். பேராசிரியர் பெரிதும் பாராட்டினார்.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். அவர் விடுதியின் வாசலையே பார்த்தபடி, "பலகை போட்டுச் சொல்லிடுறாங்க சாமி. நம்ம ஊர்ல பலகையே கெடையாது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அவருடைய சொந்த ஊர், நாம் குருப்பட்டம் பெற்றபின் உதவிப் பங்குத்தந்தையாகச் சென்ற முதல் ஊர். அவ்வூர்க் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர். ஒரே திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு இரு பக்கங்கள், இரு வாசல்கள். பெரியவருடைய தாயாரை அடக்கம் செய்தது நாமே. சிலுவை தாங்கிச் சென்ற பீடச்சிறுவன் புதியவன். முதல் வாசலிலேயே திரும்பப் போனவன், தயங்கி நம் முகத்தைப் பார்த்தான். அடுத்த வாசலை நோக்கிக் கையைக் காட்டினோம். எவரும் நம்மை வற்புறுத்தவில்லை. ஊர் அமைதி கெடக்கூடாது என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். அங்கே மூன்று ஆண்டுகள் இருந்தோம். எபேசியர் திருமுகத்தைப் பலமுறை வாசித்து விளக்கினோம். சுவரைப் பற்றி ஒருமுறையும் வாய் திறக்கவில்லை.

பேருந்து வந்துவிட்டதாகக் கைப்பேசியில் அழைத்தார்கள். எழுந்து நடந்தோம். பேராலயம் வரை இருவரும் பேசவில்லை. வண்டியில் அவரருகே அமர்ந்தபின்னர்தான் கேட்க முடிந்தது.

"அந்தச் சுவர் இன்னும் இருக்கிறதா?"

"இருக்கு சாமி. போன கல்லறைத் திருநாளுக்கு வெள்ளையடிச்சாங்க."