பிகாச்சுவுக்கு பிராபபிலிட்டி தெரியுமா?

ஒரு சின்னக் கேள்வி. உங்கள் கையில் பிகாச்சு. எதிரே தண்ணீர் டைப் போகிமான் ஒன்று முறைத்துக்கொண்டு நிற்கிறது. உங்களிடம் இரண்டு மின்சார அடிகள். தண்டர்போல்ட்டுக்கு பவர் 90, குறி தப்பாது. தண்டருக்கு பவர் 110, ஆனால் நூற்றுக்கு எழுபது முறைதான் படும். எதை அழுத்துவீர்கள்?

(பழைய கேம் ஆடியவர்கள் '95, 120 தானே?' என்று சண்டைக்கு வர வேண்டாம். 2013-ல் எக்ஸ், ஒய் வந்தபோது குறைத்துவிட்டார்கள். 2022-ல் வந்த ஸ்கார்லெட், வயலட்டிலும் குறைத்த எண்கள்தான்.)

எங்கள் ஹாஸ்டலில் இந்தக் கேள்வியால் ஒரு ராத்திரி தூக்கமே போச்சு. என் ரூம்மேட் பிராபபிலிட்டி பேப்பரில் புலி. "இதுல யோசிக்க என்னடா இருக்கு? 110-ஐ 0.7-ஆல பெருக்கு. 77 வருதா? அந்தப் பக்கம் 90. மேட்டர் ஓவர்!" என்று பேனாவை மூடி வைத்துவிட்டான்.

அவன் சொன்ன பெருக்கல் லேசுப்பட்டதல்ல. நெருப்பு அடிகளுக்குப் போட்டுப் பாருங்கள். ஃபயர் பிளாஸ்ட்டுக்கு பவர் 110, நூற்றுக்கு 85 முறை படும். பெருக்கினால் 93.5. தப்பாத ஃப்ளேம்த்ரோயர் 90. அதாவது மின்சாரத்தில் ஜெயித்த 'சேஃப்' அடி, நெருப்பில் தோற்கிறது! பவர் 120 என்று பந்தா காட்டும் சோலார் பீம், ஒரு டர்ன் சும்மா வெயில் காய்ந்துவிட்டு அடுத்த டர்னில்தான் அடிக்கும். இரண்டால் வகுத்தால் வெறும் 60. பெரிய எண்ணைப் பார்த்து ஏமாறாமல் இருக்க இந்தக் கணக்கு போதும்.

ஆனால், பாஸ், எந்த எதிரியும் சராசரியாகச் சாவதில்லை. ஹெல்த் 1 பாக்கி இருந்தாலும் அது அடுத்த டர்னில் முழு பலத்தோடு திருப்பி அடிக்கும். நூறு முறை ஆடினால் சராசரியாக எவ்வளவு சேதம் என்பது எனக்கு எதற்கு? இந்த ஒரு அடியில் அது விழுமா, விழாதா? அதுதானே விஷயம்!

அதற்கு உள்ளே இருக்கும் கணக்கைத் தோண்ட வேண்டும். லெவலை இரண்டால் பெருக்கி, ஐந்தால் வகுத்து, 2 கூட்டு. லெவல் 50-க்கு அது 22. அதை அடியின் பவரால் பெருக்கு. நம் தாக்கும் பலத்தால் பெருக்கி எதிரியின் தடுக்கும் பலத்தால் வகு. 50-ஆல் வகுத்து இன்னொரு 2 கூட்டு. இரண்டு பலமும் 100 என்று வைத்துக்கொண்டால், தண்டர்போல்ட்டுக்கு 41.

துல்லியமாகப் போட்டால் 41.6 வரும். புள்ளிக்கு அப்புறம் உள்ளதைத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். முதல் போகிமான் கேம்கள் 1996-ல் ஜப்பானில் வந்தது கேம்பாயில். அதன் பிராசஸரில் வகுப்பதற்கென்று தனி கட்டளையே கிடையாது. தசமத்தையெல்லாம் யார் சுமப்பார்கள்? மெஷின் வளர்ந்த பிறகும் பழக்கம் போகவில்லை.

41 வந்ததும் கேம் ஒரு சீட்டுக் குலுக்கும். 85 முதல் 100 வரை பதினாறு எண்களில் ஒன்று வரும். அடியில் அத்தனை சதவீதம்தான் மிஞ்சும். பிகாச்சுவும் மின்சாரம், அடியும் மின்சாரம் என்பதால் ஒன்றரை மடங்கு. எதிரி தண்ணீர் என்பதால் மேலும் இரண்டு மடங்கு. கடைசியில் தண்டர்போல்ட் 102 முதல் 122 வரை அடிக்கும். இதே வழியில் தண்டர் 126 முதல் 150 வரை. கிரிட்டிக்கல் ஹிட் என்கிற லாட்டரியை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இப்போது எதிரியின் ஹெல்த்தைப் பாருங்கள். 100 என்றால் தண்டர்போல்ட்டே நிச்சயம் முடித்துவிடும். அங்கே தண்டர் அடிப்பவரை நண்பர் லிஸ்ட்டிலிருந்து தூக்கிவிடலாம். 125 என்றால்? தண்டர்போல்ட் ஒரே அடியில் முடிக்க வாய்ப்பே இல்லை. இரண்டு வேண்டும். நடுவில் எதிரி ஒரு டர்ன் அடிக்கும். தண்டர் என்றால் ஒரே அடியில் முடிய 70 சதவீதம், இரண்டு டர்னுக்குள் முடிய 91 சதவீதம். ஆக, எதிரியின் ஒரு அடியை பிகாச்சு தாங்கும் என்றால் தண்டர்போல்ட் அடித்து நிதானமாக முடிக்கலாம். தாங்காது என்றால் கண்ணை மூடிக்கொண்டு தண்டர்! இரண்டாவது டர்ன் என்பதே இல்லாதவனுக்கு 90 பெரிதா, 77 பெரிதா என்கிற ஒப்பீடு எதற்கு உதவும்?

ஹைப்பர் பீமும் இந்த ரகம்தான். பவர் 150, பத்தில் ஒன்பது முறை படும். பட்டால் அடுத்த டர்ன் அடித்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். சராசரி பார்த்தால் டர்னுக்கு சுமார் 71. கேவலம்! ஆனால் எதிரே நிற்பது கடைசி ஆள், இந்த அடியில் விழுந்துவிடும் என்றால், மூச்சு வாங்கினால் என்ன, குறட்டையே விட்டால் என்ன?

'இவ்வளவு கணக்கு போட்டா கேம்ல என்ன ஜாலி?' என்று பக்கத்து ரூமில் கேட்டார்கள். எனக்கென்னவோ ஜாலியே இங்குதான் ஆரம்பிக்கிறது. அதிர்ஷ்டம் எங்கும் ஓடிவிடாது. ரெட், புளூ காலத்தில் 'நூறு சதவீதம் படும்' என்று போட்ட அடியே 256-ல் ஒரு முறை தப்பும். 0 முதல் 255 வரை ஒரு எண் எடுத்து, 255-க்குக் குறைவாக இருந்தால்தான் 'பட்டது' என்று எழுதியிருந்தார்கள். ஒரு சமக்குறி விட்டுப்போன கதை. புரோகிராமிங் லேபில் இருப்பவர்களுக்கு வலிக்கும்!

அந்த ராத்திரி மூன்று மணிக்கு ரூம்மேட் பேனாவை மறுபடி திறந்தான். தண்டர்போல்ட்டின் பதினாறு விடைகளையும் வரிசையாக எழுதினான். எதிரியின் ஹெல்த் 108 என்றால் பதினாறில் பதின்மூன்று விடைகள் அதை வீழ்த்தும். 81 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். ஹெல்த் 109 என்றால் பத்துதான். 62.5 சதவீதம். தண்டரோ 70-லேயே அசையாமல் நிற்கிறது. ஒரே அடியில் முடித்தாக வேண்டிய நேரத்தில் 108-க்கு தண்டர்போல்ட், 109-க்கு தண்டர்.

"ஒரே ஒரு பாயின்ட்டுக்காடா?" என்றான். மழை பெய்தால் தண்டர் குறி தப்பவே தப்பாது என்பதை அவனிடம் காலையில்தான் சொன்னேன்.