மேலிலையும் மும்மடியாகுபெயரும்

அமெரிக்க நகரமொன்றின் சுருட்டுக் கடைக்குள் நுழைபவர் கண்ணில் முதலில் படுவது நிறவரிசை. வைக்கோல் நிறத்தில் தொடங்கி, செம்பழுப்பின் வழியே ஏறத்தாழக் கறுப்பில் முடிகிறது அது. அந்த வரிசையில் ஹவானா இல்லை. 1962 பிப்ரவரியில் கென்னடி கியூபாவின் மீது முழு வணிகத் தடை விதித்தார். கையெழுத்திடுவதற்கு முன்னர் ஆயிரம் கியூபச் சுருட்டுகளை வாங்கி வரச் சொன்னதாகவும், 1,200 கிடைத்ததாகவும் அவருடைய செய்திச் செயலர் பியர் சாலிஞ்சர் பின்னாளில் எழுதினார். குடியரசுத் தலைவருக்கு இருப்பு இருந்தது. மற்றவர்களுக்கு 'ஹவானா' என்னும் ஒற்றைச் சொல் அளித்துவந்த உறுதி அன்றோடு போயிற்று. அந்த உறுதியை இன்று பெரும்பாலும் தருவது மேலிலையின் பெயர்.

ஒரு சுருட்டில் மூன்று வகை இலைகள் உள்ளன. உள்ளே நிரப்புவது, நிரப்பியதைக் கட்டிப் பிடிப்பது, மேலே சுற்றுவது. ஸ்பானிய மொழி இவற்றை முறையே குடல், மேலங்கி, போர்வை எனப் பொருள்படும் சொற்களால் குறிக்கிறது. கண்ணுக்குத் தெரிவது போர்வை மட்டுமே. அது கிழிசலின்றி, தடித்த நரம்பின்றி, ஒரே நிறத்தில் அமைய வேண்டும். ஆகவே எடைக்கு எடை அதுவே விலை மிக்க இலை. 'வெற்றிலை நட்டான்' என்கையில் இலையின் பெயர் கொடிக்கு ஆகிவருவதைப் போல, இங்கும் மேலிலையின் பெயர் முழுச் சுருட்டுக்கும் ஆகிவருகிறது.

இந்தப் பெயர்களை ஊர்ப்பெயர்கள் என்று நம்பி வாங்குபவர் விரைவில் குழம்புவார். 'கனெக்டிகட்' என்பதை எடுத்துக்கொள்வோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கச் சந்தையைச் சுமத்திராவின் மெல்லிய இலை ஆட்கொண்டிருந்தது. 1890ஆம் ஆண்டின் மெக்கின்லி சுங்கச் சட்டம் இறக்குமதி மேலிலைக்குக் கடும் வரி விதித்தது. 1900இல் கனெக்டிகட் மாநிலத்தின் வின்ட்சர் ஊரில் வயலுக்கு மேலே மெல்லிய துணிப் பந்தலிட்டுப் பயிர் செய்து பார்த்தனர். பந்தல் வெயிலைத் தணித்து ஈரத்தைக் காத்தது. சுமத்திராவின் மேகத்தைத் துணியால் செய்துகொண்டார்கள் எனலாம். வெண்ணெய் போன்ற மென்மைக்குப் பெயர்பெற்ற கனெக்டிகட் நிழலிலை அவ்வாறு பிறந்தது.

அதே வகை விதை பின்னர் ஈக்வடாருக்குப் போனது. ஆண்டிஸ் மலையடிவாரத் தாழ்நிலங்களில் மேகம் தானாகவே கவிந்து நிற்பதால் அங்கே பந்தல் தேவைப்படவில்லை. இன்று பெட்டியின் மேல் 'ஈக்வடார் கனெக்டிகட்' என்று காணப்பட்டால் முதற்சொல் மண்ணையும் இரண்டாம் சொல் விதையையும் குறிக்கும். 'ஈக்வடார் சுமத்திரா'வும் அப்படியே. கேமரூன் இலையும் சுமத்திர விதையின் வழிவந்ததே. ஆயினும் அதன் பெயரில் விதை மறைந்து மண் மட்டும் நிற்கிறது. விரலால் தடவினால் மணல்போல் நெருடும் சிறு புள்ளிகளே அதன் அடையாளம்.

'கார்' என்னும் சொல்லை இலக்கண ஆசிரியர்கள் மும்மடியாகுபெயருக்குச் சான்று காட்டுவர். கருமையைக் குறித்த சொல் மேகத்துக்கும், மேகத்தின் பெயர் அது பொழியும் பருவத்துக்கும், பருவத்தின் பெயர் அப்போது விளையும் நெல்லுக்கும் ஆகிவந்தது. கனெக்டிகட்டும் அவ்வாறே படியிறங்கிய சொல்தான்: மாநிலம், அங்கு விளைந்த இலை, அவ்விலையின் விதை, எங்கு விளைந்தாலும் அவ்விதை தரும் வெளிர்நிறச் சுருட்டு.

நிறப்பெயர்கள் வேறு வகையில் ஏமாற்றும். 'கொலராடோ' அமெரிக்க மாநிலத்தைக் குறிப்பதன்று. ஸ்பானிய மொழியில் அதற்குச் செந்நிறமானது என்பது பொருள். 'மதுரோ' என்றால் கனிந்தது. கனெக்டிகட்டிலேயே திறந்த வெயிலில் விளையும் பிராட்லீஃப், மெக்சிகோவின் சான் ஆண்ட்ரெஸ் போன்ற தடித்த இலைகளை அதிக வெப்பத்தில் நெடுநாள் புளிக்கவைத்தால் அந்தக் கருமை வருகிறது. கறுத்த சுருட்டு காரமானது என்பது புதியவர் பலரின் நம்பிக்கை. உண்மையில் நெடிய புளிப்பு பெரும்பாலும் ஓர் இனிமையைத் தருகிறது. வலிமையைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு உள்ளே நிரப்பிய இலைக்கு உண்டு, குறிப்பாகச் செடியின் உச்சியில் விளைந்த இலைக்கு. நிறத்தை மட்டும் பார்த்துத் தேர்பவர் போர்வையைக் கண்டு உடலை ஊகிக்கிறார்.

'கொரோஹோ' என்பது இன்னும் வியப்பானது. அது கியூபாவின் வுவெல்டா அபாஹோ வட்டாரத்துப் பண்ணை ஒன்றின் பெயர். நோய்க்கு எளிதில் ஆட்பட்டதால் அவ்வகையைக் கியூபா 1990களின் இறுதியில் கைவிட்டது. ஹோண்டுராஸில் அது தொடர்ந்து பயிராகிறது. ஆக, 'கியூபா அல்லாதது' என்று எழுதிய அடுக்கில் கியூபாவே கைவிட்ட கியூபா இருக்கிறது.

மண்ணையும் விதையையும் பதனத்தையும் இப்பெயர்கள் எப்படியோ காத்துவைத்திருக்கின்றன. உழைத்தவர்களை எதுவும் காக்கவில்லை. சுமத்திரா இலையின் பெருமை 1863இல் நியென்ஹவுஸ் என்னும் டச்சுக்காரர் டெலி பகுதியில் இறங்கியதில் தொடங்குகிறது. வயலில் பெரும்பாலும் சீனர்கள் உழைத்தனர். காடு திருத்தவும், வடிகால் வெட்டவும், சாலை போடவும், மாட்டுவண்டி ஓட்டவும் ஜாவானியரும் தமிழரும் அமர்த்தப்பட்டனர். ஒப்பந்தத்தை மீறும் கூலியைத் தண்டிக்க 1880ஆம் ஆண்டின் கூலிச் சட்டம் இடமளித்தது. அங்கு நிகழ்ந்த கொடுமைகளை 1902இல் வான் டென் பிராண்ட் என்னும் வழக்கறிஞர் சிறுநூலாக வெளியிட்டபோது நெதர்லாந்து அதிர்ந்தது. மேடான் நகரின் மாரியம்மன் கோயில் அத்தமிழர் விட்டுச்சென்ற தடம். இலையின் பெயரிலோ அவர்களுடைய தடம் ஏதுமில்லை.

கனெக்டிகட்டின் பந்தலுக்கடியிலும் ஒரு கதை உண்டு. 1944 கோடையில் சிம்ஸ்பரியின் புகையிலைப் பண்ணைக்கு அட்லாண்டாவிலிருந்து பதினைந்து வயதுக் கறுப்பின மாணவர் ஒருவர் வேலைக்கு வந்தார். கல்லூரிச் செலவுக்குப் பணம் சேர்ப்பது நோக்கம். வெள்ளையர் அமரும் உணவகத்தில் தாமும் அமர்ந்து உண்ண முடிந்த வியப்பை அவர் வீட்டுக்குக் கடிதத்தில் எழுதினார். அவர் பெயர் மார்ட்டின் லூதர் கிங். அவர் புகழ்பெற்றதால் அந்தக் கோடையை உலகம் அறிந்தது. அவரோடு இலை பறித்தவர்கள் பந்தல் நிழலிலேயே மறைந்துபோனார்கள்.

ஐரோப்பிய மொழிகளின் வழியே ஆங்கிலத்தில் 'செரூட்' என்று புகுந்த தமிழ்ச்சொல் 'சுருட்டு'. ஊரையோ நிறத்தையோ விதையையோ அது சுட்டவில்லை. ஒரு கை செய்யும் வினையின் பெயர், அக்கையிலிருந்து வெளிவரும் பொருளுக்கு ஆகிவந்திருக்கிறது. மேலிலையின் பெயரைப் படித்துத் தேர்பவர், கையில் எடுத்த பொருளின் பொதுப்பெயரையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.