கல் மிதந்த ஊரில் மிதக்காத ட்ரோன்

திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் போர்டை ஒரே மூச்சில் படித்து முடிப்பவருக்கு நுரையீரல் நன்றாக இருக்கிறது என்று சர்டிபிகேட்டே கொடுத்துவிடலாம். கடலூருக்குள்ளேயே இருக்கிற ஊர்தான். தலவிருட்சம் பாதிரி மரம், பூஜித்தவர் புலிக்கால் முனிவர். இரண்டும் சேர்ந்து பெயர் நீண்டுவிட்டது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர், அந்தக் கல்லையே தெப்பமாக்கிக் கரையேறியது இங்கேதான் என்பது ஐதீகம்.

அப்பேர்ப்பட்ட ஊரில், என் அக்கா மகன் செய்த அரைக் கிலோ ட்ரோன் மட்டும் மூணு நிமிஷத்துக்கு மேல் மிதக்க மாட்டேன் என்றது.

"ரெண்டு தடவை ஈ.எஸ்.சி. மாத்திட்டேன் மாமா. அதே மோட்டாருக்குப் போறதுதான் புகையுது" என்றான். சில்வர் பீச்சில் விழுந்த கடைசித் தடவை, மணல்வீடு கட்டிக் கொண்டிருந்த ஒரு குழந்தைக்கு இரண்டு முழம் தள்ளி விழுந்ததாம். அன்றைக்கே அத்தான் தீர்ப்பு எழுதிவிட்டார்: ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகவில்லையென்றால் எடைக்கு! டிப்ளமா படிக்கும் பையன், ஒரு வருஷமாகச் சேர்த்த காசு. முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

ஈ.எஸ்.சி. என்பது வேறொன்றுமில்லை ஸார், வேகத்தைக் கட்டுப்படுத்தும் தீப்பெட்டி சைஸ் போர்டு. மோட்டார் ஒன்றுக்கு ஒன்று. பாட்டரியின் டி.சி. கரண்ட்டை மாஸ்ஃபெட்டுகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி, மூன்று ஒயர் வழியாக மோட்டாருக்கு அனுப்பும். கரண்ட் இரண்டு மடங்கானால், ஒயரிலும் மாஸ்ஃபெட்டிலும் சூடு நான்கு மடங்காகும். கணக்கில் அரியர் வைத்தவர்களும் இதை மட்டும் மறக்கக் கூடாது.

அக்கம்பக்கத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து மொட்டை மாடியில் ஒரே நிமிஷம் பறக்கவிட்டோம். இறக்கி, பாட்டரியைக் கழற்றி, தொட்டுப் பார்த்தேன். மூன்று போர்டும் வெதுவெதுப்பு. நாலாவது தோசைக்கல்!

கோளாறு போர்டிலா, மோட்டாரிலா? அந்த மோட்டாரைக் கழற்றி, குறுக்கே எதிர் மூலையில் இருந்ததோடு இடம் மாற்றிப் பற்ற வைத்தோம். மறுபடி ஒரு நிமிஷம். இப்போது எதிர் மூலைப் போர்டு சுட்டது. சூடு மோட்டார் கூடவே போய்விட்டது. ஆக, பாவம், போர்டுகள் நிரபராதி.

விசிறியை எடுத்துவிட்டு (இதை எடுக்காமல் மோட்டாரில் கை வைத்தால் விரல் இருக்காது) அதை விரலால் சுற்றினேன். கரகர! மேல் மூடியைக் கழற்றினால், காந்தத்தில் மீசை முளைத்த மாதிரி கறுப்பு மணல். பீச்சில் இருக்கிற இரும்புத்தாது மணல்! விழுகிற ஒவ்வொரு தடவையும் காந்தம் கொஞ்சம் இழுத்து வைத்திருக்கிறது. சுற்ற முடியாமல் மோட்டார் திணற, கூடுதல் கரண்ட். அதைக் கொடுத்தே போர்டு கருகியிருக்கிறது.

"ஊதிப் பார்த்தேன் மாமா, போகலை." எப்படிப் போகும்? காந்தமாச்சே! செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி உரித்தோம். அரை மணி நேரம், பாதி ரோல். அக்கா பரிசுப் பொட்டலம் கட்ட வைத்திருந்த ரோல் அது என்பது பிறகுதான் தெரிந்தது.

சரி, மற்ற மூன்றும் ஏன் வெதுவெதுப்பு? அங்கேதான் பையன் மாட்டினான். அதிர்ச்சி தாங்கட்டும் என்று நாலு போர்டுக்கும் ஸ்பாஞ்ச் சுற்றி வைத்திருந்தான். சித்திரை வெயிலில் கம்பளி போர்த்தின மாதிரி! பிரித்து எறிந்து, போர்டுகளை விசிறிக் காற்று படுகிற மாதிரி கைகளின் மேல் கட்டினோம்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தேவனாம்பட்டினம் பக்கம், ஆள் நடமாட்டமில்லாத இடம். 2021 ட்ரோன் விதிகளின்படி பதிவு எண் இருக்கிறதா, வரைபடத்தில் பச்சை மண்டலமா, 400 அடி தாண்டாமல் இருப்பானா என்று மூன்றையும் கேட்ட பிறகே ரிமோட்டைத் தொடவிட்டேன். மணலில் வைக்காமல் வீட்டுப் பாயை விரித்து, அதன் மேலிருந்து கிளப்பினான்.

மூணு நிமிஷம். அத்தான் வாட்சையே பார்த்துக் கொண்டிருந்தார். நாலு. அஞ்சு. பாயிலேயே இறக்கினான். அத்தான் குனிந்து, ஒவ்வொரு போர்டாக விரல் வைத்துப் பார்த்தார். நாலாவதில் கொஞ்சம் அதிக நேரம்.

"இன்னொரு பாட்டரி இருக்காடா?" என்றார்.