வேஷம் போட்ட மலை

சென்ற கோடை விடுமுறையில், அமெரிக்காவில் லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரிலுள்ள என் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அந்நகருக்குப் போகிறவர்கள் சினிமா நட்சத்திரங்களின் மாளிகைகளைத் தேடிச் செல்வது வழக்கம். எனக்கு வாய்த்த வழிகாட்டியோ என் தம்பியின் குமாரன். வயது பன்னிரண்டு. நட்சத்திரங்கள் அவனுக்கு ஒரு பொருட்டல்ல. பழைய டெலிவிஷன் தொடர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பான், திடீரென்று, "பெரியப்பா! இந்தக் குகை இன்னொரு கதையிலும் வந்தது!" என்று துள்ளிக் குதிப்பான்.

'கதையில் மனம் செலுத்தாமல் இப்படிக் குற்றம் கண்டுபிடிப்பதில் என்ன சுகம்?' என்று எண்ணினேன். பள்ளிக்கூட உபாத்தியாயர் அல்லவா? உபதேசம் செய்யவும் ஆரம்பித்தேன். அவன் பதில் சொல்லவில்லை. மறுநாள் காலையில் தகப்பனாரை மோட்டார் வண்டி ஓட்டச் சொல்லி, என்னை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

முதலில் கிரிபித் பூங்காவிலுள்ள பிரான்ஸன் குகைக்குப் போனோம். 1966 முதல் 1968 வரை ஒளிபரப்பான 'பேட்மேன்' தொடரில், வீரனுடைய கறுப்பு வண்டி சீறிப் பாய்ந்து வெளிவருமே, அந்தக் குகைதான். மகா பயங்கரமான ஒரு பாதாள லோகத்தை எதிர்பார்த்துச் சென்றேன். அங்கே இருந்ததோ, இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கல் உடைத்தவர்கள் விட்டுப்போன ஒரு சிறிய சுரங்கப் பாதை! ஒரு பக்கம் நுழைந்து, பேச்சு முடிவதற்குள் மறுபக்கம் வெளியே வந்துவிட்டோம்.

"அந்த வண்டியும் புதிதல்ல, பெரியப்பா. 1955-இல் லிங்கன் கம்பெனியார் கண்காட்சிக்காகச் செய்தது. 1959-இல் ஒரு சினிமாவில் வந்தது. பிறகுதான் அதை மாற்றிப் பேட்மேன் வண்டியாக்கினார்கள்" என்றான் பையன்.

ராபி என்ற யந்திர மனிதனின் சரித்திரத்தையும் சொன்னான். 1956-இல் 'பர்பிட்டன் பிளானெட்' என்ற படத்துக்காகச் செய்த பொம்மை அது. அப்படத்தில் விசுவாசமுள்ள ஊழியன். பத்து வருஷம் கழித்து 'லாஸ்ட் இன் ஸ்பேஸ்' தொடரில் வஞ்சகன். 2017-இல் அதை ஏலம் விட்டபோது ஐம்பத்து மூன்று லட்சம் டாலருக்கு மேல் போயிற்றாம்! ஊழியனுக்கு அடித்த யோகத்தைப் பாருங்கள்.

இதற்கெல்லாம் காரணம் மோசடியல்ல, சிக்கனம். வாரத்துக்கு ஒரு கதை தயாராக வேண்டும். அதைப் படம் பிடிக்கக் கிடைப்பதோ சில தினங்கள். வாரந்தோறும் ஒரு புதிய உலகத்தைப் பிரம்மதேவனாலும் கட்ட முடியாது. மேலும், நகரின் ஒரு குறிப்பிட்ட இடத்திலிருந்து 30 மைலுக்கு அப்பால் படம் பிடித்தால் தொழிலாளர்களுக்குப் பிரயாணப்படி கொடுக்க வேண்டுமென்று விதி உண்டு. ஆகவே பாலைவனம், கானகம், சந்திர மண்டலம் எல்லாவற்றையும் கூடியவரையில் அந்த வட்டத்துக்குள்ளேயே தேடிக்கொண்டார்கள்.

பிறகு கல்வர் ஸிடியில், ஸ்டூடியோக்காரர்களின் 'நாற்பது ஏக்கர்' இருந்த இடத்துக்குப் போனோம். பெயர்தான் நாற்பது, நிஜத்தில் முப்பது ஏக்கர்கூட இல்லை. 1938 டிசம்பரில் 'கான் வித் தி விண்ட்' படத்துக்காகப் பழைய செட்டுகளைக் கொளுத்தி, அட்லாண்டா நகரம் தீப்பற்றி எரிவதாகக் காட்டியது இங்கேதான். 1960-க்குப் பின் இதே இடத்துத் தெருக்கள் 'ஆண்டி கிரிபித்' தொடரில் மேபெரி என்ற சாதுவான சிற்றூர் ஆயின. 1967-இல் 'ஸ்டார் டிரெக்' தொடருக்காக அவையே பழைய நியூயார்க்காக மாறின. கேப்டன் கிர்க் தம் காதலியுடன் அத்தெருவில் நடக்கும்போது, மேபெரியின் பிளாய்ட் க்ஷவரக்கடைப் பெயர் பின்னால் பளிச்சென்று தெரிகிறது!

1976-இல் அவ்வளவையும் இடித்துவிட்டார்கள். இப்போது தொழிற்கூடங்களும் ஆபீஸ்களும் நிற்கின்றன. பையன் ஒரு மூலையில் நின்று, "கடை இங்கேதான் இருந்திருக்கும்" என்றான். எழுந்தும் எரிந்தும் மறைந்தும் போன ஊர்களை அந்தக் குழந்தை ஒருவன் நினைவில் வைத்திருந்தான். என் உபதேசத்தை அங்கேயே வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

கடைசியாக, நகருக்கு வடக்கே அகுவா டுல்ஸே ஊருக்கருகிலுள்ள வாஸ்க்வெஸ் பாறைகளுக்குச் சென்றோம். பூமி அசைந்து அசைந்து மணற்பாறை அடுக்குகளை மேலே தூக்கிச் சாய்த்து நிறுத்தியிருக்கிறது. கரையில் தட்டிப்போன கப்பலின் முனைபோல் அவை வானத்தை நோக்கி நிற்கின்றன. 1967-இல் வெளிவந்த 'அரீனா' கதையில், கேப்டன் கிர்க் பல்லி முகமுள்ள எதிரியுடன் துவந்த யுத்தம் செய்தது இங்கேதான். அதே தொடரின் வேறு கதைகளில் வேறு கிரகங்களாகவும் இந்தப் பாறைகள் வந்தன. பையன் ஒவ்வொரு பாறைக்கும் ஒரு கிரகத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே ஏறினான்.

இறங்கி வந்ததும் அங்கிருந்த விளக்க நிலையத்துக்குள் போனோம். 1874-இல் இங்கே ஒளிந்திருந்த திபூர்சியோ வாஸ்க்வெஸ் என்னும் கொள்ளைக்காரனால் வந்த பெயர் இது. மறு வருஷம் அவனைத் தூக்கிலிட்டார்கள். அவனுக்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பே இங்கே வாழ்ந்தவர்கள் தாதாவியம் என்னும் ஆதிக்குடிகள். பாறைகளில் சித்திரம் தீட்டியவர்கள். 1797-இல் ஸ்பானியப் பாதிரிமார் ஸான் பெர்னாண்டோவில் மடம் நிறுவி அவர்களை அங்கே சேர்த்துக்கொண்டார்கள். காலப்போக்கில் அவர்களுடைய பாஷை பேசுவாரின்றி மறைந்தது. எழுதி வைக்கப்பட்ட சில சொற்களே மிச்சம். சந்ததியார் மட்டும் இன்றும் அப்பிரதேசத்தில் வாழ்கிறார்கள்.

பையன் எல்லாவற்றையும் நிதானமாகப் படித்தான். பிறகு, "பெரியப்பா, இவர்கள் எந்தத் தொடரில் வருகிறார்கள்?" என்று கேட்டான்.

இருபது வருஷமாகப் பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி வருகிறவன் நான். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆளரவமற்ற கிரகமென்று வீட்டில் உட்கார்ந்து நாம் பார்த்து ரசித்த இடம், ஒரு ஜனசமூகத்தின் சொந்த ஊராக இருந்திருக்கிறது. வண்டியையும் பொம்மையையும் அடையாளம் கண்டுகொண்ட கண்கள் நிலத்தை அடையாளம் காணத் தவறிவிட்டன.

அன்றிரவு 'அரீனா' கதையை மறுபடியும் போட்டுப் பார்த்தோம். பாறைகள் திரையில் தோன்றின. வழக்கம்போல் பையன் துள்ளிக் குதிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவனோ மெதுவாக, "தாதாவியம் ஊர்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதையைக் கவனிக்கத் தொடங்கினான்.