குதிகாலுக்கும் ஒரு பருவம்

மரக்காணம், மார்ச் 11

உப்பு வாரும் பருவம் சூடுபிடித்துவிட்டது. தை பிறந்ததும் பாத்தியைக் காலால் மிதித்து இறுக்கியவர்களே இப்போது உப்பை வாரிக் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுகிறார்கள். இந்த உழைப்பின் பெரும்பங்கு குதிகாலிலும் தோளிலும் இறங்குகிறது. குதிவாதம், தோள்பட்டைத் தசைநாண் வலி என்று மாதக்கணக்கில் இழுத்தடிக்கும் நோவுகளுக்கு நகரத்து பிசியோ மையங்கள் இன்று முன்வைப்பது அதிர்வலைச் சிகிச்சை. சிறுநீரகக் கல்லை உடைக்க 1980-இல் மியூனிக்கில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குக் கொடுக்கப்பட்ட அலைதான் இதற்கு மூதாதை. ஆறாமல் தேங்கிவிட்ட திசுவை மெல்லச் சீண்டி, புதிய ரத்தக்குழாய்களையும் செல்களின் பழுதுபார்க்கும் வேலையையும் தூண்டிவிடுவது இப்போதைய நோக்கம். பல மையங்களில் இருப்பது காற்றழுத்தத்தால் ஒரு சிறு உலோகத் துண்டு பாய்ந்து முனையைத் தட்டும் கருவி. கறாராகப் பார்த்தால் அது வெறும் அழுத்த அலைதான். விளம்பரப் பலகை இதையெல்லாம் சொல்லாது.

மார்ச் 12

பலன் உண்டா என்று கேட்டால், ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. 2003-இல் ஜெர்மனியில் ஹாக்கே குழு 272 குதிவாத நோயாளிகளைச் சோதித்தது. 12 வாரம் கழித்து, சிகிச்சை பெற்றவர்களில் 34 விழுக்காட்டினருக்கும், பொய்ச் சிகிச்சை பெற்றவர்களில் 30 விழுக்காட்டினருக்கும் குணம் தெரிந்தது. வித்தியாசம் இல்லை என்றே கொள்ளலாம். 2015-இல் கோல்விட்சர் குழு 250 பேரிடம் செய்த ஆய்வில் வலி 69 விழுக்காடு குறைந்தது. பொய்ச் சிகிச்சையில் சுமார் 35. இரண்டில் ஒன்று பொய் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் முதல் ஆய்வில் குதிகாலை ஊசி போட்டு மரக்கச் செய்த பிறகே அலையைச் செலுத்தினார்கள். அப்படி மரக்கச் செய்தால் பலன் குறைகிறது என்று 2005-இல் ரோம்பே குழு காட்டியது. செய்யும் முறை மாறினால் முடிவும் மாறுகிறது. உறுப்பு மாறினாலும் அப்படியே: தோளுக்கான 32 ஆய்வுகளை 2020-இல் தொகுத்த காக்ரேன் குழு, குறிப்பிடத்தக்க பலன் மிகக் குறைவு என்றது. ஆகவே உப்பளத்துத் தோளுக்கு இதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. குதிகாலுக்கு வருகிறது, அதுவும் நீட்சிப் பயிற்சியும் நல்ல செருப்பும் பல மாதம் பலிக்காதவர்களுக்கு.

மார்ச் 15

வாரம் ஒன்றாக மூன்று முறை அலை, பிறகு பலன் பார்க்க 12 வாரம்: இதுதான் கோல்விட்சர் ஆய்வின் கணக்கு. அலை தூண்டிவிட்டது ஆறுவதற்குப் பாரம் குறைந்த காலம் வேண்டும். மார்ச்சில் சிகிச்சை பெற்று மறுநாளே சுமை தூக்குகிறவருக்கு அந்தக் காலம் எங்கே? ஆனால் உப்பளத்துக்கென்றே ஓர் ஓய்வு உண்டு: அக்டோபர் முதல் டிசம்பர் வரை, மழை பாத்தியை மூடும் மாதங்கள். சிகிச்சையை அங்கே வைக்க வேண்டும் என்பதே என் வாதம். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்கள் சும்மா இருப்பதில்லை, நடவுக்கும் கூலிக்கும் போகிறார்கள் என்று ஆட்சேபிக்கலாம். உண்மைதான். 2022 முதல் தமிழக அரசு அம்மாதங்களுக்குத் தரும் 5,000 ரூபாய் நிவாரணம் மூன்று மாதக் கூலிக்கு ஈடாகாது. சிகிச்சையில் இருப்பவருக்கு மட்டுமாவது அதைக் கூட்டிக் கொடுத்தால், கருவிக்குச் செலவிடும் பணமும் வீணாகாது. கருவியே எதற்கு, பயிற்சி போதாதா என்பது இன்னும் வலுவான கேள்வி. பெரும்பாலோருக்குப் போதும். 2021-இல் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இயன்முறைச் சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. யாருக்குப் பயிற்சி பலித்தது, யாருக்கு இல்லை என்று பருவம் முழுவதும் பார்த்துக் குறித்துவைக்க வேண்டியவர்களும் அத்திட்டத்தின் ஊழியர்களே. உப்புநீரில் வெடித்துப் புண்ணான பாதத்தையும், சர்க்கரை நோயால் உணர்வு மழுங்கிய பாதத்தையும் அப்போதே பிரித்தெடுத்து வேறு மருத்துவத்துக்கு அனுப்பலாம். மிஞ்சும் சிலருக்கு ஒரே ஒரு கருவி, திண்டிவனம் அரசு மருத்துவமனையில், அக்டோபர் முதல் வாரத்தில் தயாராக இருந்தால் போதும். அப்போது தொடங்கினால், அடுத்த தையில் பாத்தி மிதிக்க இறங்குமுன் அந்த 12 வாரமும் ஏறக்குறைய முடிந்திருக்கும்.