பிரேக் யாருக்கு?



கேரம் ஆட்டத்தில் பிரேக் பண்ணுகிறவருக்குத்தான் வெள்ளைக்காய். முதல் அடியும் அவருக்கே. காய் விழ விழ அவரே தொடர்ந்து ஆடலாம். அதனால்தான் ஒருவர் காயைக் கைக்குள் மறைத்து, எந்தக் கையில் இருக்கிறது என்று மற்றவரைக் கேட்கிறோம். ஆனால் மழை நாளில் விளையாட்டுப் பிரியட்டில் என்ன நடக்குது? நாங்கள் சரியாகச் சொன்னாலும், "பொண்ணுங்க அடிச்சா காய் கலையாது, குடுங்க"ன்னு பையன்கள் ஸ்ட்ரைக்கரை வாங்கிக்கிறாங்க.

பிரேக்குக்கு அவ்வளவு பலம் வேண்டாம் என்கிறார் என் சித்தப்பா. அவர் சொல்லிக்கொடுத்தபடி மே மாத லீவு முழுக்க நானும் தங்கச்சியும் திண்ணையில் அடிச்சுப் பார்த்தோம். உண்மைதான்.

முக்கால்வாசி வேலை அடுக்குவதில் இருக்கு. நடுவில் சிவப்பு, அதைச் சுற்றி 6, அதற்கு வெளியே 12, ஆக மொத்தம் 19 காய். ஒன்றை ஒன்று தொட்டுக்கிட்டே இருக்கணும். நூல் அளவு இடைவெளி இருந்தாலும் அடி அங்கேயே செத்துப்போகும். நான் இரண்டு உள்ளங்கையாலும் அணைச்சு இறுக்குவேன். அவசரமா அடுக்கிட்டு ஓங்கி அடிக்கிறவங்களுக்குக் காய் ஒரு பக்கமா மட்டும் ஒதுங்குவதை நீங்களே பார்த்திருப்பீங்க. போட்டிகளில் ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கலாம். காய் 5 கிராம் சொச்சம்தான். கனமே பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்!

அடுத்தது விரல். சுண்டுவதற்கு முன்பே நகம் ஸ்ட்ரைக்கரை ஒட்டி இருக்கணும். தூரத்திலிருந்து வீசினால் குறி விலகும், நகமும் வலிக்கும். (எனக்கு முதல் வாரம் நகக்கண் கன்னிப்போய், அம்மா போர்டைப் பரணில் ஏத்தப் பார்த்தாங்க.) மற்ற விரல்கள் பலகையில் அசையாமல் ஊன்றியிருக்கட்டும். கண் ஸ்ட்ரைக்கர் மேல வேண்டாம், முன்னால் நிற்கிற காய் மேல இருக்கட்டும். பலகை ஈரமா இருந்தா பழைய பருத்தித் துணியால துடைச்சுட்டு, போரிக் பவுடரைக் கொஞ்சமா தூவினால் போதும். முகப்பவுடர் வேண்டவே வேண்டாம், ஒட்டும்.

இன்னொரு விதியும் இருக்கு. ஸ்ட்ரைக்கர் எந்தக் காயையும் தொடாமல் போனால் பிரேக் பண்ண மூன்று வாய்ப்பு உண்டு. ஒரு தடவை தப்பினாலே பிடுங்கிக்கிறது எந்த ஊர் விதியோ!

சென்னை வியாசர்பாடி இளவழகி 2008-இல் உலக சாம்பியன் ஆனார். 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் சென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினார். அவங்க பிரேக் பண்ணும்போது யாரும் ஸ்ட்ரைக்கரைக் கேட்டிருக்க மாட்டாங்க.

அடுத்த மாதம் நம் பள்ளியில் கேரம் அணிக்குத் தேர்வு. ஆணும் பெண்ணும் கலந்து ஆடப்போகிறோம். எந்தக் கையில் காய் என்று நான் சரியாகச் சொல்லிட்டா, அடுக்குவதும் நான்தான், அடிப்பதும் நான்தான். பி.டி. சாரிடம் இப்பவே சொல்லி வெச்சாச்சு.

ஒன்பதாம் வகுப்பு மாணவி